திங்கட்கிழமை பூங்காவை யார் பார்ப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கண்ணகி நகர்ப் பூங்காவில் இடுப்பளவு மண்டிக் கிடந்த புதரை வெட்டி, பாட்டிலும் பாலித்தீனும் பொறுக்கி, மூட்டை மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறீர்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து இதைச் செய்ததில் எனக்குப் பெருமை. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை அந்தப் பூங்காவை யார் பார்ப்பார்கள்?

பூங்காப் பராமரிப்பு சம்பளம் உள்ள வேலை. சென்னையில் பல பூங்காக்களை மாநகராட்சி ஒப்பந்தக்காரர்களிடம் விட்டிருக்கிறது. நீங்கள் வாராவாரம் கூலியில்லாமல் செய்துகொடுத்தால் ஒப்பந்தக்காரருக்கு மிச்சம், வேலை பார்த்துப் பிழைக்க வேண்டியவருக்கு நஷ்டம். அந்த வேலைக்கு ஏற்ற ஆட்கள் உன் பிளாக்கிலேயே இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து குடும்பங்களைக் கண்ணகி நகருக்குக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். 15,000-க்கும் மேல் வீடுகள். வீடு வந்தது, பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. நகரத்துக்குள் வீட்டு வேலை செய்த பெண்கள் பலர், பஸ் மாறி மாறிப் போய் மாளாமல் வேலையை விட்டார்கள். முகவரியைப் பார்த்ததுமே 'பிறகு கூப்பிடுகிறோம்' என்று அனுப்பிவிடும் கம்பெனிகளைப் பற்றி நீயே என்னிடம் கொதித்துப் பேசியிருக்கிறாய். நடந்து போகும் தூரத்தில் நாலு பேருக்கு மாதச் சம்பளம் என்றால் அங்கே அது பெரிய விஷயம்.

உள்ளூர் ஆட்களுக்கே இப்படிப் பிழைப்பு அமைந்த இடம் ஒன்று உண்டு. நியூயார்க்கில் தெற்கு பிராங்ஸ் என்ற பகுதி, நெடுஞ்சாலைகளுக்கும் குப்பைக் கிடங்குகளுக்கும் நடுவே ஏழைகள் வாழ்கிற இடம். அங்கேயே வளர்ந்த மஜோரா கார்ட்டர், பிராங்ஸ் ஆற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தைப் பூங்காவாக்கப் பாடுபட்டார். 10,000 டாலர் தொடக்க நிதியில் ஆரம்பித்த காரியம், 30 லட்சம் டாலர் செலவில் ஹண்ட்ஸ் பாயின்ட் ஆற்றங்கரைப் பூங்காவாக வளர்ந்தது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அவர் அடுத்துச் செய்தது. 2001-இல் ஓர் அமைப்பைத் தொடங்கியவர், 2003 முதல் அந்தப் பகுதி ஆட்களுக்கே ஆற்றங்கரைச் சீரமைப்பு, மரப் பராமரிப்பு, மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்வது, மாடியில் பசுங்கூரை போடுவது என்று தொழில் கற்றுக்கொடுத்தார். சிறையிலிருந்து வெளிவந்தவர்கள்கூட அதைக் கற்று வேலைக்குப் போனார்கள்.

ஆகவே நீயும் தொழிலைக் கற்றுக்கொள். கிளை கழிப்பதையே எடுத்துக்கொள். கனத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், முறிந்து விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அந்தக் காயத்தில் பூஞ்சை புகுந்து மரம் உள்ளுக்குள் உளுத்துவிடும். முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழம் அறு. இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை இழுக்காமல் விழும். மிஞ்சிய துண்டைக் கடைசியில் எடு. கிளை புறப்படும் இடத்தில் புடைப்பாக ஒரு வளையம் இருக்கும், அதில் ரம்பம் படக் கூடாது. அது முழுசாக இருந்தால்தான் காயத்தைப் பட்டை மூடும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் நம் நகரத்து மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நீ. வேரைச் சுற்றிச் சிமென்ட் பூசி, தாறுமாறாகக் கிளை வெட்டிய மரம் காற்றுக்கு நிற்காது. இதெல்லாம் தெரிந்த கைக்கு வேலை இருக்கிறது.

சருகை எரிக்க விடாதே. கம்பிவலைக் கூண்டில் அடுக்கடுக்காகப் போட்டு, சாணிக் கரைசல் தெளித்து, அவ்வப்போது புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் உரமாகும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும்; ஒழுகினால் ஈரம் அதிகம். மகளிர் குழு அதை மூட்டை கட்டி விற்கலாம். நடுவதற்குப் பூவரசும் புங்கனும் போதும், உப்புத் தண்ணீருக்கும் தாங்கும். ஆனால் ஆர்வத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள் மரம் நடப் போய்விடாதீர்கள். சதுப்பு நிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் அது. வெட்டவெளித் தண்ணீரும் கோரையும்தான் அங்கே வரும் பறவைகளுக்கு வேண்டும்.

இனி, காகித வேலை. இதற்குச் சலித்துக்கொள்ளாதே. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் கிராமத்துக்கு மட்டும் எழுதப்பட்டது. கேரளம் 2010-இல் அய்யன்காளி பெயரில் நகரத்து ஏழைகளுக்கும் வேலை உறுதித் திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் 2022-இல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் சோதனையாகத் தொடங்கியது. அப்படியொரு திட்டம் உங்கள் பகுதிக்கும் வேண்டும் என்று கவுன்சிலரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் கேளுங்கள், வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில். அதற்கு முன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடு. பூங்கா ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது, எத்தனை ஆளுக்குப் பணம் போகிறது, தினக்கூலி என்ன, பி.எப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேள். பதில் கையில் இருந்தால், 'எங்கள் பகுதி ஆட்களை வையுங்கள்' என்று கேட்கும்போது உன் குரலுக்கு எடை இருக்கும். ஆனால் இப்போது பூங்காவில் பெருக்குகிற அம்மாவின் வேலை உங்களால் போய்விடக் கூடாது. முதலில் அவரிடம் உட்கார்ந்து பேசு. எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கையுறையும் பூட்ஸும் இல்லாமல் ஒருவரையும் புதருக்குள் விடாதே, ஊசிகள் கிடக்கும். பக்கத்துச் சாக்கடையிலும் இறங்கி அடைப்பெடுங்கள் என்று யாராவது சொன்னால், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் முடியாது என்று சொல். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கிளை அறுக்கும் ரம்பம் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். மனுவை எழுதியதும் நகல் அனுப்பு, தபாலில் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்