ரவை கேட்டவனுக்கு உப்புமா

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் நாலு மணி நேரம் மிருதங்க சாதகம் செய்வதாக எழுதியிருக்கிறாய். சௌக்க காலப் பாட்டுக்கு வாசிக்கும்போது கை இன்னும் நிதானத்துக்கு வரவில்லை, அதற்கு என்ன பயிற்சி என்று கேட்டிருக்கிறாய். கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி: பள்ளிக்கூட நண்பனுக்கு மன்னார்குடியில் கல்யாணமாம்; சாதகம் கெட்டுவிடும் என்பதால் நீ போகப்போவதில்லையாம்.

கைக்கு வழி உன் வாத்தியார் சொல்வார். அவர் இருக்கும்போது நடுவில் நான் புகுந்து சொல்வது முறையில்லை. எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். அதனால் அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

போன வாரம் பரண் மேலிருந்த பழைய டைரிகளை இறக்கினேன். நாற்பது வருஷத்துக்கு மேலான கச்சேரிகள் அதில் இருக்கின்றன. தேதி, ஊர், பாடகர், சுருதி ஒரு கட்டையா ஐந்து கட்டையா, தனி ஆவர்த்தனம் எந்தத் தாளத்தில், சன்மானம் எவ்வளவு, அதில் பாக்கி எவ்வளவு, எல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன். படித்துக்கொண்டே போனால் பாதிக்கு மேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. யாரோ ஒருத்தன் யாருக்கோ வாசித்த மாதிரி இருக்கிறது. அப்படியே புரட்டும்போது ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘உப்புமா’ என்று ஒரே ஒரு வார்த்தை. அதைப் பார்த்ததும் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுப்படியிலிருந்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கல்யாணக் கச்சேரி. உனக்குத் தெரிந்ததுதான், இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மிருதங்கத்தின் இடது பக்கம், அதாவது தொப்பியில், ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்பினால்தான் கும்கி என்கிற இடக்கை நாதம் பேசும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு ரவை டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மேடையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பந்தலில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பிடித்து, “சமையல்கட்டில் போய் மிருதங்கக்காரருக்குக் கொஞ்சம் ரவை வேணும்னு சொல்லுடா, அவசரம்” என்று அனுப்பினேன்.

பையன் சொன்னது என்னவோ, சமையல்காரர் காதில் விழுந்தது என்னவோ. பாவம், பட்டினியாக வந்து உட்கார்ந்திருக்கிறான் போலிருக்கிறது என்று அந்த மனுஷன் உருகிவிட்டார். இங்கே பாடகர் வர்ணத்தை எடுத்துவிட்டார். வறட்டுத் தொப்பியை வைத்துக்கொண்டு, தகர டப்பாவில் தட்டுகிற மாதிரி நான் சமாளிக்கிறேன். வர்ணம் சரணத்துக்கு வந்த நேரம். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பையன் மேடை ஏறி, என் முழங்காலுக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தான். வாழை இலையில் ஆவி பறக்க ரவா உப்புமா. மேலே முந்திரி. பக்கத்தில் தேங்காய்ச் சட்னி வேறு.

எதிரே வயலின் வித்வானுக்கு வில் நடுங்க ஆரம்பித்தது. அது கமகம் அல்ல, சிரிப்பு. பாடகர் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர், ரொம்பக் கண்டிப்பானவர். நெய் வாசனை அவர் கண்ணைத் திறந்துவிட்டது. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வழியாக வர்ணத்தை முடித்துவிட்டு, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்: “முதல்ல எது? சாப்பாடா, வாசிப்பா?”

மூன்றாவது பாட்டுக்குத்தான் வேகாத ரவை வந்து சேர்ந்தது. கச்சேரி முடிந்ததும் பந்தலுக்குப் பின்னால், டியூப் லைட் கம்பத்தடியில், மூன்று பேருமாக நின்று அந்த ஆறிப்போன உப்புமாவை ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்றோம். கண்டிப்பான பாடகருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அதற்குப் பிறகு அந்த வயலின் வித்வான் எந்த சபாவில் என்னைப் பார்த்தாலும் வணக்கம் சொல்லமாட்டார். “சட்னி உண்டா?” என்று மட்டும் கேட்பார். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோதும் அதைத்தான் கேட்டார்.

அன்றைக்கு என்ன வாசித்தேன் என்று கேள், தெரியாது. தனியில் கோர்வை சரியாக வந்து விழுந்ததா, வழுக்கியதா, அதுவும் தெரியாது.

இப்படிக் கதை சொன்னால் உடனே ஒரு பாடம் ஒட்டிவிடுவது நம் வழக்கம். ‘இந்த மாதிரி அனுபவங்கள்தான் கலையை வளமாக்குகின்றன’ என்று மேடைகளில் பேசுகிறார்கள். நானே பேசியிருக்கிறேன். ரயிலின் தடக் தடக்கில்தான் கண்ட நடையைக் கற்றேன் என்று ஒரு பேட்டியில் அளந்துவிட்டேன். சுத்தப் பொய். ரயிலில் நான் பெரும்பாலும் தூங்கத்தான் செய்தேன். உப்புமாவால் என் கும்கி ஒரு இம்மிகூட இனிக்கவில்லை. எதற்கும் உதவாத நேரம் அது. உதவாது என்று தெரிந்துதான் உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீ இப்போது எதை எடுத்தாலும் ‘இது சாதகத்துக்கு உதவுமா’ என்ற ஒரே தராசில் நிறுக்கிறாய்.

ரயில் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. விழுப்புரம் வழியாகப் போகிற பழைய மெயின் லைன், பகல் பாசஞ்சர். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் மிருதங்க உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல் கணுவால் கட்டையை ஒரு தட்டுத் தட்டி, “பலாதானே? எங்க ஊர்ப் பக்கத்து மரமாத்தான் இருக்கும்” என்றார். தச்சராம். கச்சேரி என்று ஒன்றைத் தன் ஆயுளில் கேட்டதில்லை என்று பெருமையாகவே சொன்னார். ஆனால் இரண்டு மணி நேரம் பலா மரத்தைப் பற்றிப் பேசினார். எந்த மரம் வெடிக்கும், எதைப் பூச்சி அண்டாது, எந்தக் கதவு நூறு வருஷம் நிற்கும் என்று. பண்ருட்டியில் இறங்கும்போது ஜன்னலோரம் வந்த பெண்ணிடம் சுளை வாங்கி எனக்கு நாலு கொடுத்தார். ஒன்றை மட்டும் மிருதங்க உறையின் மேல் வைத்துவிட்டு, “இது இவருக்கு. ஊர் வாசனை பார்க்கட்டும்” என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

நமக்குச் சோறு போடுகிற வாத்தியம் இன்னொருத்தருக்கு வேடிக்கையாக இருக்கிறதைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. சர் சி. வி. ராமன் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தபோது, 1920இல், நம் மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்து எழுதினார். சாதாரணத் தோல் வாத்தியத்தின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று சேராமல் இரைச்சலாக நிற்கும். வலந்தலையின் கறுப்புச் சாதம் அவற்றை ஒழுங்குபடுத்தி, தந்தியின் நாதத்தைப் போல இணங்க வைக்கிறது என்று காட்டினார். நான் அதே சாதத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் தடித்தவன். ஒரு நாளாவது ஏன் என்று கேட்டிருப்பேனா? மற்றவர் துறையை எட்டிப் பார்த்துச் சந்தோஷப்படுகிற சுபாவம் நம் வித்வான்களிலும் சிலருக்கு இருந்தது. மதுரை மணி ஐயர் பெர்னார்ட் ஷாவை விரும்பிப் படிப்பார் என்பார்கள். அதனால் அவர் கல்பனாஸ்வரம் மேலும் சுகமானது என்று யாராவது எழுதினால் நம்பாதே. அவருக்குப் பிடித்திருந்தது, படித்தார்.

என் வாத்தியாருக்குப் பிடித்தது கிரிக்கெட். இதை நான் கண்டுபிடித்ததே தனிக் கதை. திருவல்லிக்கேணியில் அவர் வீட்டில் தங்கிப் படித்தேன். விரல் போய்விடும் என்று சிஷ்யர்கள் யாரும் பந்தைத் தொடவே கூடாது என்பது சட்டம். நான் தெருவில் திருட்டுத்தனமாக விளையாடி, மோதிர விரல் வீங்கி வந்து நின்றேன். கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றேன். அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கதவு என்ன, அவுட் ஸ்விங்கரா?” என்றார். அவுட் ஸ்விங்கர் என்ற வார்த்தை இவருக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கெல்லாம் எனக்கு யோசனை.

1975 பொங்கல் சமயம் விடை கிடைத்தது. சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளோடு டெஸ்ட். ஜனவரி 11, சனிக்கிழமை. பாடம் இல்லை என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போனவர் நெடுநேரமாகியும் இறங்கவில்லை. காப்பி எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிவைத்து உட்கார்ந்திருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கு என்னை விரட்ட முடியவில்லை. “உட்கார்” என்றார்.

மேற்கிந்தியப் பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் நம் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருக்கிறார். விஸ்வநாத் ஒருவர் மட்டும் அசையாமல் நின்று ஆடுகிறார். சேப்பாக்கம் கூப்பிடு தூரம். டிரான்சிஸ்டரில் பவுண்டரி என்று கேட்கும். இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் மைதானத்தின் ஆரவாரம் காற்றில் மிதந்து மாடிக்கு வரும். வாத்தியார் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே சொன்னார்: “பார்த்தியா, ரேடியோ சமத்தில் எடுக்கிறது. ஜனங்கள் அனாகதத்தில் எடுக்கிறார்கள்.” தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுக்கிற அந்த அனாகத எடுப்பு என்றால் என்னவென்று பிற்பாடு எவ்வளவோ பேர் எனக்கு விளக்கினார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்னும் தண்ணீர்த் தொட்டிதான் கண்ணில் வரும்.

விஸ்வநாத் 97. கடைசி ஆளாக சந்திரசேகர். பந்து வீச்சில் மகா மேதை. மட்டை பிடிப்பதில் உன்னையும் என்னையும் போல. டெஸ்டில் எடுத்த விக்கெட் 242, மொத்த ஓட்டமே 167தான். அவரும் ராபர்ட்ஸுக்கே அவுட் ஆனார். ராபர்ட்ஸ் கணக்கில் ஏழு விக்கெட், இந்தியா 190. நூறுக்கு மூன்று இருக்க, எதிர்முனையில் ஆளில்லாமல் விஸ்வநாத் நின்றுவிட்டார்.

வாத்தியார் டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “மூணு மாத்திரைடா. கூட நிற்கிறவன் மூணு மாத்திரை தாங்கியிருக்கக் கூடாதா?” பக்கவாத்தியக்காரரின் துக்கம் அது. அந்த ஆட்டத்தில் இந்தியா 100 ஓட்டத்தில் ஜெயித்ததுகூட அவரைச் சமாதானப்படுத்தவில்லை. அதற்குப் பிறகு பாடகரின் சங்கதி முடியும் முன்பே நான் அவசரப்பட்டுத் தீர்மானம் வைத்தால் திட்டமாட்டார். “என்னடா, சந்திரசேகர் ஆயிட்டியே” என்பார். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் புரியாது.

அவர் பாடமாகச் சொன்ன சொற்கட்டுகள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம். மாடியில் அந்த மத்தியானம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

நான் தவறவிட்டவையும் உண்டு. தலை தீபாவளிக்கு மாமியார் வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்ட கையோடு கச்சேரிக்கு ரயில் ஏறினேன். அந்தக் கணக்கை வீட்டம்மா இன்னும் முடிக்கவில்லை. தங்கை கல்யாணத்தில் முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்தேன். இதையெல்லாம் விரித்து எழுத விருப்பமில்லை.

ஒரே ஒரு தடவை எதிர்மாறாகச் செய்தேன். பெண்ணுக்கு இரண்டாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் வேஷம். ராணியா என்று கேட்டேன், மரம் என்றாள். வசனம் கிடையாது. நாடகம் முழுவதும் கையை விரித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் ஒப்புக்கொண்டிருந்த கச்சேரிக்கு இன்னொரு தம்பியை ஏற்பாடு செய்து அனுப்பிவிட்டு நான் போய் உட்கார்ந்தேன். பச்சைக் காகிதம் ஒட்டிய அட்டைக்குள்ளிருந்து மரம் எங்களைக் கண்டுபிடித்தது. நடுவில் ஒரு கிளை இறங்கி மூக்கைச் சொறிந்துவிட்டு மறுபடி மேலே போனது. ராஜா உருக்கமாக வசனம் பேசிக்கொண்டிருந்தார், யாரும் அவரைப் பார்க்கவில்லை. விட்ட கச்சேரி எது என்று டைரியில் தேடினேன். வாசிக்காத கச்சேரியை எழுதுகிற வழக்கம் இல்லையே, அகப்படவில்லை.

இன்னொன்று. உங்கள் தலைமுறை எதையும் போனில் பிடித்துவிடுகிறது. நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பந்தலுக்குப் பின்னால் நாங்கள் உப்புமா தின்றபோது யாராவது படம் பிடித்திருந்தால் அந்தப் பாடகர் சிரித்திருக்கவே மாட்டார், அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

ஆகவே மன்னார்குடிக்குப் போய்விட்டு வா. முதல் நாளே போ. மாப்பிள்ளை அழைப்பில் நட, பந்தியில் தண்ணீர் ஊற்று, ராத்திரி சத்திரத்து மாடியில் ஜமுக்காளத்தை விரித்து, பள்ளிக்கூட வாத்தியார்களைப் போலப் பேசிக்காட்டிக்கொண்டு விடிய விடியக் கிட. மிருதங்கத்தை மட்டும் எடுத்துப் போகாதே. எடுத்துப் போனால் யாராவது வாசிக்கச் சொல்வார்கள், நீயும் வாசிப்பாய், அப்புறம் அதுவும் ஒரு கச்சேரியாகிவிடும். காலையில் சமையல்கட்டுப் பக்கம் போனால் கொஞ்சம் ரவை கேட்டுப் பார். என்ன வருகிறது என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் அண்ணன்