எழுத்தாளர் ஆகணுமா? முதல்ல அப்பாயிகிட்ட போய் உட்காரு

தங்கச்சி, எழுத்தாளர் ஆக என்ன படிக்கணும்னு கேட்டிருந்தே. அதுக்குன்னு தனியா ஒரு படிப்பும் வேண்டாம். ராஜம் கிருஷ்ணனுக்குப் பதினஞ்சு வயசுல கல்யாணம். காலேஜ் வாசலை மிதிக்கல. வீட்டுக்காரர் மின்துறைப் பொறியாளர். குந்தா மின் திட்ட வேலைக்காக நம்ம நீலகிரி மலைக்கு வந்தாங்க. அக்கம்பக்கத்துப் படகர் ஊர்களோட பழகி எழுதினதுதான் 1963-ல வந்த 'குறிஞ்சித்தேன்'. பின்னாடி தூத்துக்குடி உப்பளத்துக்கே போய், உப்பு வாருறவங்ககிட்டப் பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினாங்க. எதை எழுதணுமோ அது இருக்கிற இடத்துக்கே போயிடறதுதான் அவங்க வழக்கம்.

நீ அவ்வளவு தூரம் போக வேண்டியதில்ல, கதை உன் வீட்டுலயே இருக்கு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்கள்ல இருந்த நம்ம ஆட்கள்ல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும்னு முடிவாச்சு. அப்படி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968-ல அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976-ல டேன்டீ கழகம் ஆச்சு. தலைமன்னார்ல கப்பலேறி வந்த தலைமுறை பந்தலூர், சேரம்பாடி பக்கத்து லைன் வீடுகள்ல இன்னும் மிச்சம் இருக்கு. உங்க அப்பாயியும் அதுல ஒருத்தர். அவங்களுக்கு வயசாகுது. அதனால மத்த எல்லா டிப்ஸுக்கும் முன்னாடி இது: இந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள அப்பாயிகிட்ட உட்காரு.

எப்படிக் கேட்கிறேங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. "சிலோன்ல வாழ்க்கை எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா, "என்னத்தச் சொல்ல, கஷ்டந்தான்"னு முடிச்சிடுவாங்க. பொருளைக் கேளு. டிரங்குப் பெட்டிக்குள்ள என்னென்ன வச்சீங்க? எதை எடுக்காம விட்டீங்க? வளர்த்த மாட்டை யார்கிட்டக் குடுத்தீங்க? கப்பல் இறங்கினதும் தங்கின மண்டபம் முகாம்ல முதல் நாள் என்ன சாப்பாடு? குளிர்லயே கிடந்த உடம்பு ராமேஸ்வரம் வெயிலை எப்படித் தாங்குச்சு? ஒரு கேள்வி கேட்டுட்டு வாயை மூடிக்கோ. அவங்க நிறுத்தினதும் அடுத்ததுக்குத் தாவாதே. கொஞ்ச நேரம் சும்மா இருந்தா, அதுக்கப்புறம் வர்றதுதான் உனக்கு வேண்டியது.

நோட்டுல "அப்பாயி மிகவும் துன்பப்பட்டார்"னு எழுதியிருந்தா அடிச்சிடு. "பெட்டியில பாதி இடத்தை அம்மிக்குழவி பிடிச்சுக்கிச்சு. தாத்தா எவ்வளவோ திட்டினார், அப்பாயி அதை வெளிய எடுக்கல." இப்படி ஒண்ணு கிடைச்சா அங்கேயே நிறுத்திக்கோ. பாவம்னு நீ சொல்லாதே. படிக்கிறவங்களுக்குத் தெரியும்.

போன்ல பதிவு பண்றதா இருந்தா கேட்டுட்டுப் பண்ணு. அன்னைக்கு ராத்திரியே எழுதி வை; நாளைக்கு அவங்க பேச்சு போய் உன் பேச்சு வந்துடும். பாட்டு ஏதாவது பாடினா அதையும் விடாதே. சி.வி. வேலுப்பிள்ளை இலங்கையில தொழிற்சங்கவாதி, நாடாளுமன்றத்துக்குப் போனவர். அவரே உட்கார்ந்து தோட்டத்துப் பாட்டுகளைச் சேகரிச்சிருக்காரு. அவர் சேர்க்காம விட்டிருந்தா அதுல எத்தனை நமக்குக் கிடைச்சிருக்கும்?

நோட்டோட கடைசிப் பக்கங்களைச் சொற்களுக்கு ஒதுக்கிடு. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு அகராதியே போட்டார். சிலோன் தமிழும் மலையாளமும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சுல உட்கார்ற ஊர் நம்ம ஊர். பிரட்டு, லயம், பாடி, கவாத்துன்னு காதுல விழுறதை எல்லாம் குறிச்சு வை. யார் வாயில கேட்டேன்னும் எழுது.

இன்னொண்ணு, இதை நான் அழுத்தியே சொல்றேன். நம்ம ஆட்கள் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் இங்க வாழ்ந்தவங்க. தேயிலை நட்ட இடத்துல அதுக்கு முன்னாடி யார் நடந்தாங்கன்னும் கேட்டு எழுது. நம்ம கஷ்டத்தைச் சொல்லிட்டு அவங்க கஷ்டத்தை விட்டுட்டா அது பாதிக் கதைதான். ஆனா அவங்க சாமியையும் சடங்கையும் கேட்காம எடுத்துக் கதைக்கு அலங்காரம் பண்ணாதே. அந்த வீட்டுப் பிள்ளைங்க எழுத வந்தா, நீ முதல் வாசகியா இரு.

படிக்கணும்னா, தோட்ட வாழ்க்கைக்கு 'எரியும் பனிக்காடு'ல இருந்து தொடங்கு. ஆனைமலைத் தோட்டங்கள்ல டாக்டரா இருந்த பி.எச். டேனியல் 1969-ல ஆங்கிலத்துல எழுதினது, இரா. முருகவேள் தமிழாக்கினார். அப்புறம் பழங்குடி வாழ்க்கைக்கு ச. பாலமுருகனோட 'சோளகர் தொட்டி'. மலையாளம் படிக்கத் தெரிஞ்ச உனக்கு ரெண்டு மொழிப் புத்தகமும் கைக்கெட்டின தூரம். ஊட்டியில இருக்கிற நிர்மால்யா, சாரா ஜோசப்போட 'ஆலாஹாவின் பெண்மக்கள்' மலையாள நாவலைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர். மூலத்தையும் தமிழையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நாலு பக்கம் படிச்சுப் பாரு, வாக்கியம்னா என்னன்னு புரிஞ்சிடும்.

டேனியல் டாக்டர், பாலமுருகன் வக்கீல், நாவலாசிரியர் இமையம் பள்ளிக்கூட வாத்தியாரா வேலை பார்த்தவர். கவனிச்சியா? எழுத்தை நம்பி வேலையை விட்டுடாதே. வீட்டுல பணம் கேட்கிற நிலைமை வந்தா முதல்ல நின்னு போறது உன் எழுத்துதான்.

நேரத்துக்கு: ஜூன்ல மழை பிடிச்சா தேவாலா பக்கம் கரண்ட் எப்ப போகும், எப்ப வரும்னு சொல்ல முடியாது. அதனால போனை மட்டும் நம்பாதே. ஈரத்துல நோட்டுத்தாள் நமுத்துப் போச்சுன்னா பால்பாயிண்ட் பேனா விட்டு விட்டு எழுதும். பென்சில் வச்சுக்கோ, நோட்டை மூடி இறுகின டப்பாவுல போட்டு வை. தினமும் அரைமணி போதும், ஆனா ஒரே நேரம். காலையில காத்து வாங்கி யோசிக்கிறேன்னு இருட்டோட ரோட்டுல இறங்காதே, யானை நிக்கும்.

எழுதி முடிச்சதும் சத்தமா படி. நாக்கு தடுக்கிற இடத்துல வாக்கியம் சரியில்ல. முதல் பாராவை எடுத்துட்டுப் படிச்சுப் பாரு. கதை நின்னா, அது வேண்டாம். உயிரோட இருக்கிறவங்க பேரை மாத்து.

அப்புறம் அனுப்பு. தாமரை, செம்மலர், காலச்சுவடு, உயிர்மைன்னு நாலைஞ்சு இதழ்களைத் தேடிப் படிச்சு, எது எந்த மாதிரிக் கதை போடுதுன்னு பார்த்துட்டு அனுப்பு. யூனிகோட்ல டைப் பண்ணி அனுப்பணும், நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பக் கூடாது. ஒரே கதையை ஒரே சமயத்துல ரெண்டு இடத்துக்கு அனுப்பாதே. மாசக்கணக்குல பதில் வராது. அதுக்குள்ள அடுத்த கதையில இறங்கிடு. விலாசத்துல கூடலூர்னு மட்டும் போடாதே. தேனி மாவட்டத்துலயும் ஒரு கூடலூர் இருக்கு. நீலகிரி மாவட்டம்னு பின்கோடோட சேர்த்து எழுது.