சந்தையில் தொடங்கிய அமைதி

1990களின் தொடக்கத்தில், கென்ய நாட்டின் வஜீர் நகரச் சந்தையில் பால் வாங்கச் செல்லும் ஒருவர், விற்பவர் எந்தக் குலத்தவர் என்று பார்த்தே வாங்க வேண்டியிருந்தது. அந்நிலையை மாற்ற முன்வந்த பெண்களையும், அவர்களோடு இணைந்த முதியோர், இளைஞர், வணிகர் ஆகியோரையும் பற்றியது இப்பாடம்.

வறண்ட நிலமும் வளர்ந்த பகையும்

வஜீர், கென்யாவின் வடகிழக்கில் சோமாலியாவையும் எத்தியோப்பியாவையும் ஒட்டி விரிந்துள்ள வறண்ட நிலப்பகுதி. அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் சோமாலி மொழி பேசும் இசுலாமியர். ஒட்டகம், மாடு, ஆடு ஆகியவற்றை மேய்த்து வாழ்பவர். மொழி ஒன்று, சமயம் ஒன்று, தொழிலும் ஏறத்தாழ ஒன்றே. அவர்களைப் பிரிப்பது குலம். அஜுரான், டெகோடியா, ஒகாடேன் ஆகியவை அங்குள்ள பெரிய குலங்கள். கிணறும் மேய்ச்சல் நிலமும் எவருக்கு உரியவை என்னும் வழக்கு அவற்றிற்கிடையே நெடுங்காலமாக இருந்துவந்தது. அதனைத் தீர்க்கும் மரபும் முதியோரிடம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அம்மரபு செயலிழந்தது.

காரணங்கள் பல. கென்யா 1963இல் விடுதலை பெற்றபோது, வடகிழக்குப் பகுதியினர் பலர் சோமாலியாவோடு இணைய விரும்பினர். அதனால் மூண்ட கிளர்ச்சியை அரசு படைகொண்டு ஒடுக்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்பகுதி நெருக்கடிநிலைச் சட்டங்களின்கீழ் வாழ்ந்தது. 1984 பிப்ரவரியில் வஜீருக்கு அருகிலுள்ள வகால்லா விமான ஓடுதளத்தில் டெகோடியா குல ஆடவர் பெருந்திரளாக அடைத்துவைக்கப்பட்டு, பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்டனர். அரசு தம்மைக் காக்கும் என நம்புவதற்கு அம்மக்களுக்குக் காரணம் ஏதும் இல்லை.

1991இல் சோமாலியாவில் ஆட்சி கவிழ்ந்தது. ஏதிலியரோடு துப்பாக்கிகளும் எல்லை கடந்து வந்தன. அதே காலத்தில் கொடிய வறட்சி கால்நடைகளை அழித்தது. 1992 இறுதியில் நடைபெற்ற பொதுத்தேர்தலில் வாக்குகள் குல அடிப்படையில் திரட்டப்பட்டன. பசியும் துப்பாக்கியும் தேர்தலும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்த அந்நாள்களில், கால்நடைத் திருட்டு கொலையாகவும், ஒரு கொலை பல கொலைகளாகவும் பெருகியது. சில ஆண்டுகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கட்டிலின் அடியில்

டேகா இப்ராகிம் அப்தி 1964இல் வஜீரில் பிறந்தவர். கலவரம் முற்றியிருந்த நாள்களில் ஓர் இரவு, அவரது வீட்டருகே துப்பாக்கிச்சூடு தொடங்கியது. தம் மூத்த மகளான கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு பல மணிநேரம் கட்டிலின் அடியில் அவர் ஒளிந்திருந்தார். குண்டுகள் அறையைத் துளைத்துச் சென்றன. பொழுது விடிந்ததும், தெருவில் சிறுவர்கள் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கத் தொடங்கினர்.

நலம் அறிய ஓடிவந்த டேகாவின் தாய், பழைய நிகழ்வொன்றை நினைவுகூர்ந்தார். 1960களின் கிளர்ச்சிக் காலத்தில், குழந்தையாயிருந்த டேகாவை அவரும் அவ்வாறே கட்டிலின் அடியில் மறைத்துக் காத்திருந்தார். பேத்தியும் தாயாகும்போது தன் பிள்ளையை அப்படி ஒளித்துவைக்க நேரக்கூடாது என்பதே அந்தத் தாயின் ஏக்கமாக இருந்தது. தம்மை இப்பணிக்குத் தூண்டியது அச்சொல்லே எனப் பின்னாளில் டேகா பலமுறை கூறியுள்ளார்.

திருமண வீட்டில் எழுந்த எண்ணம்

பகைமை உச்சத்தில் இருந்தபோதும் திருமணங்கள் நடைபெற்றன. அத்தகைய ஒரு திருமணத்தில் பல குலத்துப் பெண்களும் கூடினர். இங்கே ஒன்றாக இருக்க இயலுமாயின் வெளியே ஏன் இயலாது என்னும் கேள்வி அவர்களிடையே எழுந்தது. அக்கேள்வியிலிருந்து ஒரு சிறு குழு உருவாயிற்று.

குழுவில் சேர விரும்பியோரிடம் முதலில் ஒரு வினா கேட்கப்பட்டது: என் குலத்தார் உன் உறவினரைக் கொன்றாலும் நீ என்னோடு சேர்ந்து உழைப்பாயா? ஆம் என்று சொல்ல இயலாதவர் சேர வேண்டாம் எனக் கூறப்பட்டது. இதனைக் கடுமை எனச் சிலர் கருதலாம். ஆனால் அவ்வினா கற்பனையாக எழுப்பப்பட்டதன்று. அவ்வூரில் அது எந்த வாரத்திலும் உண்மையாகக்கூடிய ஒன்று.

குழுவினர் தம் பணிக்குத் தேர்ந்த இடம் சந்தை. குடும்பத்திற்கு உணவு தேடும் பெண்கள் நாள்தோறும் சந்திக்கும் இடம் அதுவே. எக்குலத்துப் பெண்ணும் அங்கு அச்சமின்றி வாங்கலாம், விற்கலாம் என்பதை நிலைநாட்ட அவர்கள் முனைந்தனர். குலத்தின் பெயரால் ஒருவர் இழிவுபடுத்தப்படுகிறாரா, விரட்டப்படுகிறாரா என்று கண்காணிக்கச் சந்தையிலேயே சிலர் நிறுத்தப்பட்டனர். சிறு சச்சரவு எழுந்தாலும் உடனே ஒரு குழு கூடி அதனைத் தீர்த்தது. அடிதடி துப்பாக்கிச் சண்டையாக மாறும்முன், வசைச்சொல் அடிதடியாக மாறும்முன், அங்கே ஒருவர் சென்று நிற்பதே அவர்களது செயல்முறை. சிறிது காலத்தில் சந்தை பாதுகாப்பான இடமாயிற்று.

சோமாலியர் மரபில் குல அவையில் பெண்களுக்கு இடமில்லை. எனினும், ஒரு குலத்தில் பிறந்து மற்றொரு குலத்தில் வாழ்க்கைப்படும் பெண்கள் அங்கு மிகுதி. அத்தகையோருக்குத் தந்தையும் உடன்பிறந்தாரும் ஒரு பக்கம். கணவனும் பிள்ளைகளும் மறுபக்கம். அவையில் இடம்பெறாத அவர்களே இரு பக்கத்து இழப்பையும் அறிந்திருந்தனர்.

சிறிய குலத்தின் முதியவர்

சந்தையில் அமைதி திரும்பினாலும் சண்டையை முற்றிலும் நிறுத்தும் அதிகாரம் முதியோரிடமே இருந்தது. பெண்கள் நேரடியாக அவர்களைக் கூட்டினால் எவரும் வரமாட்டார். பெரிய குலத்து முதியவர் ஒருவர் அழைத்தாலோ, அதில் சூழ்ச்சி உண்டென மற்றவர் ஐயுறுவர். ஆகவே, எவரும் அஞ்சத் தேவையில்லாத மிகச் சிறிய குலம் ஒன்றின் முதியவரைப் பெண்கள் அணுகினர். அவர் அவையில் எழுந்து பேசினார். எதற்காகப் போரிடுகிறோம், இதனால் பயனடைவோர் யாவர் என்று கேட்டார். வலிமையற்ற குலத்தைச் சேர்ந்தவர் என்பதே அன்று அவரது சொல்லுக்கு வலிமை தந்தது. இப்பணி முழுவதிலும் மிக நுட்பமான முடிவு இதுவே எனலாம்.

முதியோர் தொடர்ந்து கூடிப் பேசினர். 1993இல் அல் ஃபத்தா பிரகடனம் உருவாயிற்று. குலங்கள் இனி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான நெறிகளை அது வகுத்தது.

இளைஞர் கேட்ட கேள்வி

துப்பாக்கி ஏந்திய இளைஞர் இன்னும் புதர்க்காடுகளில் இருந்தனர். பெண்களும் முதியோரும் அவர்களைத் தேடிச் சென்றனர். ஆயுதத்தைக் கைவிட்டால் தங்களுக்குப் பிழைப்பு என்ன என்று இளைஞர் கேட்டனர். வறட்சியில் மந்தையை இழந்தவனுக்குக் கொள்ளையே தொழிலாகியிருந்த காலம் அது. அறவுரையால் விடையளிக்க இயலாத கேள்வி அது. குழுவினர் வணிகரை நாடினர். அமைதி நிலவினால் வணிகமும் தழைக்கும் என்பதை உணர்ந்த வணிகர்கள் பொருளும் வேலைவாய்ப்பும் அளிக்க முன்வந்தனர்.

அரசு அலுவலர்களையும் குழுவினர் சந்தித்தனர். நிகழ்வதை அறிவித்து ஒத்துழைப்பு வேண்டினரேயன்றித் தலைமையை அவர்களிடம் ஒப்படைக்கவில்லை. பெண்கள், முதியோர், இளைஞர், சமயத் தலைவர் எனத் தனித்தனியே இயங்கிய குழுக்கள், 1995இல் வஜீர் அமைதி மற்றும் வளர்ச்சிக் குழு என்னும் ஒரே அமைப்பாக ஒருங்கிணைந்தன. அதன் ஓர் உறுப்பு விரைவுச் செயற்குழு. எங்கேனும் கொலையோ கால்நடைத் திருட்டோ நிகழ்ந்தால், பல குலத்தவரும் இடம்பெற்ற இக்குழு உடனே அவ்விடம் விரைந்தது. பழிக்குப் பழியாக இரண்டாவது கொலை நிகழாமல் தடுப்பதே அதன் முதல் வேலை. துயருற்றோரின் சினத்தைக் கேட்பது, வதந்தியின் உண்மையை ஆராய்வது, திருடப்பட்ட கால்நடைகளை மீட்டுத் தருவது, உயிருக்கு ஈடாகக் கால்நடை வழங்கும் மரபுப்படி இழப்பீடு பேசுவது ஆகியவை அதன்பின் தொடர்ந்தன.

வஜீரைக் கடந்து

வஜீரின் அனுபவம் அண்டை மாவட்டங்களுக்குப் பரவியது. 2001இல் பல மாவட்டத்தவரும் கூடி மொடொகாஷே பிரகடனத்தை ஏற்றனர். கொல்லப்பட்ட ஆணுக்கு 100 கால்நடைகள், பெண்ணுக்கு 50 என அதில் ஈடு வரையறுக்கப்பட்டது. பெண்கள் தொடங்கிவைத்த அமைதிப் பணியின் தொடர்ச்சியில் பெண்ணுயிருக்குப் பாதி மதிப்பே குறிக்கப்பட்டது என்பது கசப்பான முரண். பகையைத் தணிக்க மரபைத் துணைக்கொண்டபோது, மரபின் குறையும் உடன்வந்தது.

2007ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலையடுத்துக் கென்யா முழுவதும் வன்முறை வெடித்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது, ஓய்வுபெற்ற தூதர் பெத்துவேல் கிப்லகாத், படைத்தலைவர்களாக இருந்த டேனியல் ஒபாண்டே, லாசரஸ் சும்பேய்வோ முதலியோருடன் இணைந்து, அமைதிக்கான குடிமக்கள் இயக்கம் ஒன்றை டேகா தொடங்கினார். பின்னர், மாவட்டந்தோறும் அமைதிக் குழுக்களை அமைக்கும் முயற்சி நாடெங்கும் விரிவுபெற்றது.

2007இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது டேகாவுக்கு வழங்கப்பட்டது. 2011 சூலையில், சாலை விபத்தில் அடைந்த காயங்களால் அவர் காலமானார். அவ்விபத்தில் அவரது கணவரும் உயிரிழந்தார்.

வஜீரில் பகை அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2014இல் வஜீர், மண்டேரா எல்லைப் பகுதியில் கர்ரே, டெகோடியா குலங்களுக்கிடையே மீண்டும் மோதல் மூண்டு, பலர் உயிரிழந்தனர், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். மேய்ச்சல் நிலம் பெருகவில்லை. தேர்தல்களும் குல அடிப்படையில் தொடர்கின்றன. பால் விற்கும் பெண்கள் இன்றும் வஜீர்ச் சந்தைக்கு வருகின்றனர்.