ஊழியருக்கு வாரம் ஒரு மின்னஞ்சல்

கடந்த இரு வாரங்களும் கடனுக்குச் சரக்குக் கொடுப்பது பற்றி எழுதினேன். இவ்வாரம் எடுத்துக்கொண்டுள்ள விடயம் சிலருக்குச் சிரிப்பைத் தரலாம். கடையில் வேலை செய்பவர்களின் சாப்பாடு, நடை, தேநீர் ஆகியவற்றில் முதலாளிக்கு என்ன வேலை, அதிலும் மின்னஞ்சல் அனுப்பி என்ன செய்துவிட முடியும் என்று கேட்பார்கள். நானும் முன்பு அப்படிக் கேட்டவன்தான்.

எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் 19 வருடமாக என்னோடு இருப்பவர். எந்தக் கடதாசிக் கட்டு எந்த அடுக்கில் இருக்கிறது, எந்த ஊர்க் கடைக்காரர் எந்த அளவுக் கொப்பி கேட்பார் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தது. கணினியில் அதில் பாதிகூட இல்லை. அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்பதும் தெரியும். காலில் ஆணி குத்திய ஒரு சிறு காயம் ஆறாமல் போய், ஈற்றில் இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. மூன்று மாதம் அவர் வேலைக்கு வரவில்லை. புதிய பாடசாலை ஆண்டு தொடங்கும் பருவம் அது. எங்கள் தொழிலில் ஆண்டு முழுவதும் காத்திருப்பது அந்த ஆறு வாரத்துக்காகத்தான். சரக்கு மாறிப் போயிற்று, திரும்பி வந்தது, சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

நட்டத்தைக் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் அவருடைய வீட்டுக்குப் போய் அந்தக் காலைப் பார்த்த பிறகு அதைப் பேச வாய் வரவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு ப்ளேன்டீ குடிப்பவர் அவர். எங்கள் கடைச் செலவில், எங்கள் கேத்தலில், முன்கூட்டியே சீனி கலந்து நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பின்னர்தான் இவ்விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற பெரிய சுகாதார நிறுவனம் தனது சொந்த ஊழியர்களிடமே ஒரு பரிசோதனை நடத்தி, அதன் முடிவு 2009இல் வெளிவந்தது. 787 ஊழியர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு 16 வாரங்கள் மின்னஞ்சல் மூலம் வழிகாட்டினார்கள். மற்றப் பிரிவினருக்கு அது இல்லை. மின்னஞ்சல் பெற்றவர்கள், உடலை அசைப்பதைக் கூட்டுவதா, பழமும் மரக்கறியும் கூடுதலாகச் சாப்பிடுவதா, கொழுப்பையும் சீனியையும் குறைப்பதா என்பதைத் தாங்களே தெரிவு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு வாரமும் சிறு சிறு காரியங்கள் சொல்லப்பட்டன. ஆரம்பத்தில் மிகக் குறைவாக உடலை அசைத்தவர்களிடமே மாற்றம் அதிகம் தெரிந்தது. அவர்களுடைய உடற்பயிற்சி வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடியது. உட்கார்ந்திருக்கும் நேரம் இரண்டு மணி நேரமளவு குறைந்தது. மின்னஞ்சல் நின்று நான்கு மாதம் கழிந்தும் பயன் முற்றாக மறைந்துவிடவில்லை.

இது பெரிய புரட்சியல்ல என்று சொல்லலாம். ஆனால் வியாபாரியின் கண்ணால் பாருங்கள். செலவு எவ்வளவு? ஒன்றுமில்லை என்றே சொல்ல வேண்டும். அத்துடன் சிறியதாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்த சமூகத்துக்கு, வாரம் ஒரு சிறு காரியம் என்ற முறை புதிதல்ல.

வட்ஸ்அப் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு என்று என் மகனே கேட்டான். எங்கள் கடை வட்ஸ்அப் குழுவில் ஒரு நாளைக்கு எத்தனை செய்தி விழுகிறது என்று பார்த்தேன். லொறி எங்கே, பில் எங்கே, ஜனாஸா அறிவித்தல், யாரோ அனுப்பிய வீடியோ. அதற்குள் ஆரோக்கியம் பற்றி ஒன்றைப் போட்டால் அரை மணி நேரத்தில் புதைந்துவிடும். மின்னஞ்சல் பெட்டியில் திங்கட்கிழமை வந்தது வியாழக்கிழமையும் இருக்கும். தலைப்பைப் பார்த்துத் தேடி எடுக்கலாம். ஒரு காலத்தில் தமிழில் மின்னஞ்சல் அனுப்பினால் மறுபக்கத்தில் பாமினி எழுத்துரு இல்லாமல் புழு பூச்சி போல எழுத்துக்கள் தெரியும். யுனிகோட் வந்த பிறகு அந்தத் தொல்லையும் இல்லை. எங்களிடம் சிங்களச் சகோதரர்கள் ஆறு பேர் இருப்பதால் அதே மடலைச் சிங்களத்திலும் கீழே எழுதுகிறோம்.

மடல் எப்படி இருக்க வேண்டும்? நான் முதலில் எழுதியது ஒன்றரைப் பக்கம். இருதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் அதில் இருந்தன. யாரும் வாசிக்கவில்லை. கணக்குப் பிரிவில் உள்ள தம்பி மரியாதையாக, "நல்லா இருந்திச்சி ஹாஜியார், கொஞ்சம் நீளம்" என்றார். அதன் பின் ஆறேழு வரிக்கு மேல் எழுதுவதில்லை. ஒரு மடலுக்கு ஒரு காரியம். உதாரணத்துக்கு, நன்றாகப் பலன் தந்த ஒரு மடலை அப்படியே தருகிறேன்:

"தலைப்பு: இந்த வாரம் அரைக் கரண்டி.
அன்பின் சகோதர சகோதரிகளே, இன்று முதல் தேநீரில் சீனி கலந்து வராது. சீனி தனியாகப் பாத்திரத்தில் வைக்கப்படும். வழமையாக எடுப்பதில் அரைக் கரண்டி மட்டும் இந்த வாரம் குறைத்துப் பாருங்கள். முழுதாக விட வேண்டாம். நானும் குறைக்கிறேன். சனிக்கிழமை எப்படி இருந்தது என்று விரும்பினால் எனக்கு மட்டும் எழுதுங்கள்."

இதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது வசனம். கேத்தலில் சீனியைக் கொட்டிவிட்டு, குறையுங்கள் என்று மடல் எழுதுவதில் அர்த்தமில்லை. மடல் அனுப்பும் முன் கடையில் அதற்குரிய ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். பகல் சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிடுங்கள் என்று எழுதிவிட்டு பத்து நிமிடத்தில் மணி அடிக்கும் முதலாளியை யார் நம்புவார்? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம் என்று இருக்கிறது. நம்மில் பலருடைய கடைகளில், என்னுடையது உட்பட, அது காகிதத்தில் மட்டுமே இருந்தது.

சீனிக் கணக்கை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கு என்றால் நம்மவர்களுக்கு விளங்கும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், நாம் சேர்த்துக்கொள்ளும் சீனியை நாளாந்தச் சக்தித் தேவையில் 10 வீதத்துக்குக் கீழே வைக்கும்படியும், 5 வீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. 5 வீதம் என்பது வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. கோப்பைக்கு இரண்டரைக் கரண்டி போட்டால் மூன்றாவது கோப்பையிலேயே அதைத் தாண்டிவிடுகிறோம். பிஸ்கட், கேக், சோடா இதில் சேரவில்லை. சோடாப் போத்தல்களில் 2016 முதல் நம் நாட்டில் நிற அடையாளம் இடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. இதை ஒரு மடலில் எழுதியபோது, நம் கடைக்கு முன்னாலுள்ள குளிர்சாதனப் பெட்டியில் எத்தனை சிவப்பு என்று பையன்கள் எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

நடையைப் பொறுத்தவரை கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும் என்பது அளவு. பூங்காவுக்குப் போய் நடக்க நேரமுள்ளவர் நம்மில் யார்? ஆனால் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து எங்கள் கடைக்கு 12 நிமிட நடை. போக வர 24. ஆறு நாளில் 144 நிமிடம். முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம். இந்த ஒரு கணக்கை மட்டும் எழுதி அனுப்பிய வாரத்தில் நால்வர் நடக்கத் தொடங்கினார்கள். லுஹருக்குப் பள்ளிக்குப் போகும் நடையையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான்.

நான்காவது மடலில் எல்லோருக்கும் பயம் வரட்டும் என்று நினைத்து, நமது காசாளர் சகோதரருக்கும் சீனி வருத்தம் கண்டிருக்கிறது, அளவு இவ்வளவு, ஆகவே எல்லோரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டேன். அவர் வைத்தியரின் அறிக்கையை லீவு எடுப்பதற்காக என்னிடம் காட்டியிருந்தார். மடல் போன அன்றே பகிடி தொடங்கிவிட்டது. "சீனி மூட்டை" என்று ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவருக்குத் திருமண வயதில் மகள் ஒருவர் இருக்கிறார். கடையில் வேலை செய்யும் ஒருவர் வழியாகச் செய்தி சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த வீடு வரை போய், பரம்பரை வருத்தமா என்று அவர்கள் விசாரித்திருக்கிறார்கள்.

அவர் என்னிடம் வந்து சத்தம் போடவில்லை. காசுப் பெட்டியின் சாவியைக் கொடுக்கும்போது, "ஹாஜியார், அத நான் ஒங்களுக்கு மட்டும்தானே சொன்ன" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். ஆனாலும் ஒரு மாதத்துக்கு மேல் மற்றவர்களோடு சேர்ந்து தேநீர் குடிக்க வரவில்லை. சம்பந்தத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஒருவருடைய நோய் அவருடைய அமானிதம். சட்டமும் அதையே சொல்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் விசேட வகைத் தரவாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எமது மடல்களில் இப்போது யாருடைய பெயரும், எடையும், பரிசோதனை அளவும் வருவதில்லை. யார் குறைத்தார், யார் குறைக்கவில்லை என்ற பட்டியலும் இல்லை. முகவரிகளையும் பீசீசீ என்ற கட்டத்தில்தான் போடுகிறோம். அப்படிப் போட்டால் ஒருவர் 'எல்லோருக்கும் பதில்' என்பதைத் தவறுதலாக அழுத்தினாலும் அது அனுப்பியவருக்கு மட்டுமே வரும். ஒருவர் தன் வருத்தத்தைப் பற்றி எழுதும் பதில் பத்துப் பேருடைய பெட்டிக்குப் போய்விடக்கூடாதல்லவா? மடல் வேண்டாம் என்று சொன்ன இருவருக்கு அனுப்புவதுமில்லை. ஏன் என்று கேட்பதுமில்லை.

எங்கள் 34 பேரில் மின்னஞ்சல் பார்ப்பவர்கள் 11 பேர்தான். களஞ்சியத்தில் உள்ளவர்களுக்கும் மூட்டை தூக்கும் நாட்டாமைமாருக்கும் மின்னஞ்சல் முகவரி எங்கே? அவர்களுக்காகப் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்துத் தேநீர் மேசைக்கு மேலே ஒட்டுகிறோம். வாசிக்கத் தெரிந்தவர் மற்றவருக்கு வாசித்துக் காட்டுகிறார். உண்மையைச் சொன்னால், கணினிக்கு முன்னால் இருப்பவர்களைவிட இவர்களே அதிகம் பேசிக்கொள்கிறார்கள். நாட்டாமைமாருக்கு நடையைப் பற்றி எழுதத் தேவையில்லை. தண்ணீர், உப்பு, பாரம் தூக்கும் முறை, வெறுங்காலோடு நிற்காமை ஆகியவையே அவர்களுக்கு வேண்டியவை.

மருந்து பற்றி மடலில் எழுதவே கூடாது. இன்ன இலையை அரைத்துக் குடித்தால் மாத்திரையை நிறுத்தலாம் என்று கைமாறி வரும் செய்திகளை முதலாளி அனுப்பினால் அதற்கு ஒரு அதிகாரம் வந்துவிடுகிறது. எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் மாத்திரையை விட்டதும் அப்படியொரு கஷாயத்தை நம்பித்தான். அதற்குப் பதிலாக எங்கே போகலாம் என்பதை எழுதுங்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை சுகாதார அமைச்சு பல அரச வைத்தியசாலைகளில் நடத்துகிறது. அங்கு போய்வர அரை நாள் சம்பளத்தோடு லீவு தருகிறோம் என்ற ஒரு வரியைச் சேர்த்தபோது ஒன்பது பேர் போனார்கள். அந்த வரி இல்லாமல் அனுப்பிய முந்திய மடலுக்கு ஒருவர்கூடப் போகவில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும் என்பதை எல்லா மடலின் அடியிலும் போடுகிறோம்.

நோன்பு காலத்துக்கு முன் வரும் மடலைப் பிந்தாமல் அனுப்ப வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தலைப்பிறை கண்ட பிறகு வைத்தியரைத் தேடுவதில் பயனில்லை. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே ஆலோசனை கேட்க வேண்டும். நோன்பு திறக்கும்போது கஞ்சியும் பேரீச்சம்பழமும் போதும், எண்ணெயில் பொரித்தது தட்டு நிறைய வேண்டாம் என்று எழுதினேன். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, மூன்றிலொரு பங்கு நீருக்கு, மீதி மூச்சுக்கு என்ற ஹதீஸின் கருத்தையும் சேர்த்தேன். கடையில் நடக்கும் இப்தாருக்கு சமூசா கொண்டுவந்தவர் என் சொந்த மைத்துனர்.

பலன் எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரிக் கடைக்கும் ஒரு சில்லறைச் செலவுக் கொப்பி இருக்கிறது. அதில் தேநீருக்கான சீனி வாரம் ஆறு கிலோ என்று வருடக்கணக்காக எழுதப்பட்டிருந்தது. நான்கு மாதத்தின் பின் அது மூன்றரைக் கிலோ. யாரையும் தனியாகக் கேட்காமல், யாரையும் நிறுக்காமல் எடுத்த கணக்கு இது. களஞ்சியப் பொறுப்பாளர் மூடிய சப்பாத்தோடு வேலைக்குத் திரும்பிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். திங்கட்கிழமைப் பிரதியை ஒட்டுவது அவர்தான். சிகரெட் விடயத்தில் மட்டும் நான் அனுப்பிய ஐந்து மடலுக்கும் ஒருவர்கூட அசையவில்லை. பின் கதவுக்கு வெளியே புகை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.