மதியமானால் ஆபீஸ் கணினி கிடைப்பதில்லை

கேள்வி: ஈப்போவில் இருக்கும் ஆபீஸ் கணினியை வீட்டு லேப்டாப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் திறக்கிறேன். காலையில் சரியாக வருகிறது. மதியத்துக்கு மேல் இணைப்பே கிடைப்பதில்லை. எங்கள் மலைப்பக்க லைன்தான் காரணமா?
– வாசகி, கோலா தெர்லா

பதில்: பாவம், லைனைத் திட்டாதீர்கள். லைன் மோசமென்றால் திரை திக்கித் திக்கி நகரும், நடுவில் அறுந்துபோகும். இணைப்பே கிடைக்கவில்லை என்றால், யாரும் தொடாத ஆபீஸ் கணினி ஸ்லீப்புக்குப் போய்விட்டது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். அங்கே யாரையாவது விட்டு, செட்டிங்ஸில் பவர் பகுதியைத் திறந்து, ஸ்லீப்பை 'நெவர்' என்று மாற்றச் சொல்லுங்கள். திரை அணையலாம், கணினி தூங்கக் கூடாது.

அப்புறமும் வரவில்லையா? ஆபீஸ் விபிஎன் இணைந்திருக்கிறதா, ரௌட்டர் கணினிக்குப் புது ஐபி எண் கொடுத்துவிட்டதா என்று பாருங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் காலையில் வேலை செய்கிறதே, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த வழியாக யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் 2019-இல் வெளிவந்த 'புளூகீப்' ஓட்டை, விண்டோஸ் 7 போன்ற பழைய கணினிகளுக்குள் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய வழிவிட்டது.