மண்பாதையும் மிதிவண்டியும்

சென்னையினின்று வடக்கே கும்மிடிப்பூண்டியை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் மீஞ்சூர். வயலும் ஏரியும் தோப்பும் சூழ்ந்த இவ்வூரின் அண்மையில் இன்று அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் தொழிற்கூடங்களும் எழுந்துள்ளன. எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்திற்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்திற்கும் சரக்குப் பெட்டிகளைச் சுமந்து செல்லும் பெரிய லாரிகள் இப்பகுதிச் சாலைகளில் இரவும் பகலும் ஓடுகின்றன. வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலையும் மீஞ்சூர்ப் பக்கம் வந்தே முடிகின்றது. இத்தகைய சாலையில் மிதிவண்டியில் செல்லும் மாணவன் ஒவ்வொரு கணமும் அஞ்சி ஒதுங்க வேண்டியவன் ஆகின்றான்.

ஆனால், சாலையை விட்டுச் சற்றே விலகினால் காட்சி மாறிவிடுகின்றது. ஏரிக்கரை, வாய்க்காற்கரை, கொசத்தலையாற்றின் பக்கம் எனப் பலவிடத்தும் மண்பாதைகள் வளைந்து செல்கின்றன. அங்கே புழுதி உண்டு, மேடுபள்ளம் உண்டு, டயரைத் துளைக்கும் சீமைக்கருவேல முள்ளும் உண்டு. ஆயின், லாரியின் பேரொலி இல்லை. மண்பாதையில் மிதிவண்டி ஓட்டுவது பயின்று பெறவேண்டிய ஒரு கலை. அக்கலை உலகின் பல பகுதிகளில் இன்று ஒரு விளையாட்டாகவும் வளர்ந்துள்ளது. அதற்கெனச் செய்யப்பட்ட வண்டியை ‘மலை மிதிவண்டி’ என்பர். பெயரில் மலை இருப்பினும், பூங்காவின் நடைவழியிலும் காட்டின் ஒற்றையடிப் பாதையிலும் அது ஓடும். அது தோன்றிய வரலாறு சுவை மிக்கது.

அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாநிலத்தின் சான்பிரான்சிசுகோ நகருக்கு வடக்கே மரின் என்னும் வட்டாரம் உள்ளது. அங்குள்ள தமால்பைசு மலையிலும் அதனைச் சூழ்ந்த குன்றுகளிலும் காட்டுத்தீயை அணைக்கச் செல்வோருக்காக வெட்டப்பட்ட மண்சாலைகள் பல. 1970-ஆம் ஆண்டுகளில் அவ்வட்டார இளைஞர் சிலர், 1930, 1940-ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்டுக் கழித்துப் போடப்பட்டிருந்த பழைய மிதிவண்டிகளைத் தேடி எடுத்தனர். அவை கனமானவை; ஆனால் தடித்த டயர்களை உடையவை. அவற்றை மலைமேல் கொண்டு சென்று, அங்கிருந்து மண்சாலை வழியே கீழே விரைந்து இறங்குவதில் அவ்விளைஞர்கள் பெருமகிழ்ச்சி கொண்டனர்.

1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் பேர்பாக்சு என்னும் ஊருக்கு அருகே அவர்கள் ஒரு போட்டியை நடத்தினர். ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவிற்குள் 1,300 அடி கீழிறங்கும் பாதை அது. அவர்கள் ஓட்டிய பழைய வண்டிகளில், மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தின் குடத்துள் அமைந்த தடை பற்றிக்கொள்ளும். இறக்கம் முழுவதும் தடையை அழுத்தியே வந்தமையால் அக்குடம் பெரிதும் சூடேறியது. அதனுள் இட்ட மசகு உருகிப் புகைந்தது. ஒருமுறை இறங்கினால், மீண்டும் புது மசகு இட்டு நிரப்பிய பின்னரே அடுத்த முறை இறங்க முடியும். ‘மீண்டும் நிரப்புதல்’ எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்னும் சொல்லே அப்போட்டிக்கும் அப்பாதைக்கும் பெயராக நிலைத்தது.

பழைய வண்டி அடிக்கடி பழுதுற்றமையால், மலைப்பாதைக்கு ஏற்ற புதிய வண்டியை ஆக்கும் எண்ணம் பிறந்தது. ஜோ பிரீசு என்பவர் 1977-இல் இதற்கெனவே ஒரு வண்டிச் சட்டத்தை உருவாக்கினார். கேரி பிசர், சார்லசு கெல்லி ஆகியோர் 1979-இல் இவ்வகை வண்டிகளை விற்கத் தொடங்கினர். பின்னர்ப் பெரிய நிறுவனங்களும் இத்தொழிலில் இறங்கின. 1996-இல் அட்லாண்டாவில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் மலை மிதிவண்டிப் போட்டியும் இடம்பெற்றது. கழித்துப் போட்ட இரும்பிலிருந்து தொடங்கிய விளையாட்டு, இருபதே ஆண்டுகளில் உலக அரங்கை எட்டியது! ஆசிய நாடுகளுக்கான மலை மிதிவண்டிப் போட்டி 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் பொன்முடி மலையில் நடைபெற்றது.

இவ்வண்டிக்கும் நாம் நாள்தோறும் காணும் வண்டிக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை? முதலாவது, டயர். மலை மிதிவண்டியின் டயர் அகன்றது. மேற்புறம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருப்பது. அதில் காற்றைச் சற்றுக் குறைவாக நிரப்புவர். அதனால் டயரின் பெரும்பகுதி தரையில் படிகின்றது. தளர்ந்த மண்ணிலும் பிடி கிடைக்கின்றது. இரண்டாவது, அதிர்வு தாங்கும் அமைப்பு. முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் சுருள்வில்லோ அடைத்த காற்றோ அமைந்து, கல்லில் மோதும் அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கிக் கொள்கின்றது.

மூன்றாவது, பல வேகப் பற்சக்கரங்கள். மிதியோடு இணைந்த முன்சக்கரத்தில் 44 பற்களும், பின்புறத்துப் பற்சக்கரத்தில் 22 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டியின் பின்சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும். சமவெளிக்கு இது பொருந்தும். முன்னே 24 பற்களும் பின்னே 32 பற்களும் இருப்பின், மிதியின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் முக்காற் சுற்றே சுற்றும். வேகம் குறையும், ஆனால் மிதிக்கும் வலிமையும் குறைவாகவே வேண்டும். எனவே செங்குத்தான மேட்டிலும் கால் சளைக்காமல் ஏற இயலும். வேகத்தை விட்டுக் கொடுத்து வலிமையைப் பெறுவதே இதன் உட்பொருள்.

சிறந்த வண்டி மட்டும் இருந்தால் போதுமா? ஓட்டுபவனுக்கும் பயிற்சி வேண்டும். இறக்கத்தில் இருக்கையின்மீது அழுந்த அமர்ந்திருத்தல் கூடாது. இரு மிதிகளையும் சமமாக நிறுத்தி, அவற்றின்மேல் நின்று, முழங்காலையும் முழங்கையையும் சிறிது மடக்கி, உடலைப் பின்னே சாய்த்தல் வேண்டும். முன்தடையைத் திடீரெனப் பிடித்தால் வண்டி ஓட்டியைத் தூக்கி எறியும். பின்தடையை மட்டும் பிடித்தால் சக்கரம் சறுக்கும். இரண்டையும் மெல்ல மெல்லச் சேர்த்துப் பிடிப்பதே முறை. கண் எங்கே செல்கின்றதோ அங்கேயே வண்டியும் செல்லும். ஆதலால் வழியிலுள்ள கல்லையே உற்று நோக்காமல், செல்லவேண்டிய வழியை நோக்குதல் வேண்டும். தலைக்கவசம் இன்றி எவரும் இப்பயிற்சியில் இறங்குதல் ஆகாது.

இனி, இவ்வனைத்தினும் இன்றியமையாத ஒன்று உண்டு. மரின் குன்றுகளில் மிதிவண்டிகள் பெருகியபோது ஒரு பூசலும் உடன் வளர்ந்தது. அப்பாதைகளில் முதியோர் உலாவினர். குதிரை ஏறியோரும் சென்றனர். வளைவில் திடீரென விரைந்து வந்த மிதிவண்டியைக் கண்டு மக்கள் அஞ்சினர், குதிரைகள் மிரண்டன. நாற்புறமும் முறையீடு எழுந்தது. அதிகாரிகள் குறுகிய பாதைகள் பலவற்றில் மிதிவண்டி செல்லலாகாது எனத் தடை விதித்தனர். அகன்ற மண்சாலைகளில் மணிக்கு 15 மைல் வேகத்தை மிஞ்சலாகாது என்றனர். பிறரைக் கடக்கும்போது அது 5 மைலாகக் குறைதல் வேண்டும் என்றனர். மிதிவண்டியை ஆக்கிய மலையே மிதிவண்டிக்குக் கதவடைத்தது!

ஓட்டிகளுள் அறிவுடையோர் இதன் காரணத்தை எண்ணிப் பார்த்தனர். குறை பாதையிலும் இல்லை, வண்டியிலும் இல்லை. பாதை தமக்கே உரியது என்று கருதியவர் மனத்தில்தான் இருந்தது என உணர்ந்தனர். 1988-இல் கலிபோர்னியாவின் மிதிவண்டிக் கழகங்கள் ஒன்றுகூடி அனைத்துலக மலை மிதிவண்டிச் சங்கத்தை நிறுவின. இசைவளிக்கப்பட்ட பாதையிலேயே செல்க, தடயம் விடாது செல்க, வண்டியை அடக்கி ஓட்டுக, நடப்போருக்கு வழிவிடுக, விலங்குகளை அச்சுறுத்தாதிருக்க எனச் சங்கத்தார் நெறி வகுத்தனர். நெறி வகுத்ததோடு நில்லாமல், மண்வெட்டியும் கையுமாகச் சென்று பாதைகளைச் செப்பனிட்டனர். அதன் பயனாகப் பலவிடங்களில் அடைத்த பாதைகள் மீண்டும் திறந்தன.

‘தடயம் விடாது செல்க’ என்னும் நெறி மீஞ்சூர்ப் பகுதிக்கு மிகவும் பொருந்துவது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது இங்குள்ள ஏரிகளும் வாய்க்கால்களும் நிரம்பும். அப்போது ஊரைக் காப்பது கரையே. ஈரம் உலராத கரைச்சரிவில் வண்டி ஏறி இறங்கினால், சக்கரம் பதிந்த இடம் சிறு பள்ளமாகும். அடுத்த மழையில் நீர் அப்பள்ளத்தின் வழியே ஓடும். ஓடும் நீர் மண்ணை அரிக்கும். அரிப்பு நாளடைவில் ஓடையாகும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர். சக்கரம் ஊர மண் தேயாதோ? ஒருவன் ஒருநாள் செய்வது சிறிதாகத் தோன்றலாம். நூறு பேர் நூறு நாள் செய்தால் கரை வலுவிழக்கும். எனவே மழைநாளில் கரைப்பாதையில் வண்டியை ஏற்றாதிருப்பதே அறிவுடைமை.

மீஞ்சூருக்கும் மிதிவண்டிக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1949-இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்சு நிறுவனம், இவ்வூருக்குத் தெற்கே அம்பத்தூரில் ஆலை அமைத்து, உழவரும் தொழிலாளரும் ஏறிச் செல்லும் வண்டிகளைச் செய்தது. 2005–06 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர் அனைவருக்கும் மிதிவண்டி வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் விரிவாக்கப்பட்டது. அவ்வண்டி கல்லிலும் பாறையிலும் பாய்வதற்கு உரியதன்று; ஆயின் உலர்ந்த மண்பாதையில் பள்ளிக்குச் செல்லப் போதுமானது.

மாலை வேளையில் ஏரிக்கரைப் பாதையில் மாணவன் ஒருவன் வண்டியில் வருகின்றான். எதிரே மூதாட்டி ஒருத்தி தலையில் புற்கட்டைச் சுமந்து, ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகின்றாள். அவன் தொலைவிலேயே மணியை ஒலித்து, வேகத்தைக் குறைத்து, இறங்கி, ஓரமாக நிற்கின்றான். அவள் கடந்து சென்றபின் மீண்டும் ஏறிச் செல்கின்றான். அவன் இழந்தது அரை நிமிடமே. அவ்வரை நிமிடத்தைக் கொடுக்க மறுத்தமையாலேயே மரின் குன்றுகளில் பாதைகள் அடைபட்டன; கொடுக்கக் கற்றபின்பே பலவிடங்களில் அடைத்த பாதைகள் திறந்தன. பாதை நடப்போர் அனைவருக்கும் பொது. இதை உணர்ந்து வண்டியை அடக்கி ஓட்டுபவனே மண்பாதையில் செல்லும் உரிமையைப் பெற்றவன் ஆவான்.

பயிற்சி

1. ‘ரீபேக்’ என்னும் பெயர் எவ்வாறு ஏற்பட்டது?
2. மேட்டில் ஏறும்போது பின்புறத்தில் பற்கள் மிகுந்த சக்கரத்தைப் பயன்படுத்துவது ஏன்?
3. மரின் வட்டாரத்தில் பாதைகள் அடைக்கப்பட்டமைக்கும், பலவிடங்களில் அடைத்த பாதைகள் மீண்டும் திறக்கப்பட்டமைக்கும் காரணங்களைக் கூறுக.
4. மழைக்காலத்தில் ஏரிக்கரையின்மீது வண்டி ஓட்டுவதால் விளையும் தீங்கை விளக்குக.
5. உங்கள் ஊரிலுள்ள மண்பாதை ஒன்றையும் அதனைப் பயன்படுத்துவோரையும் பற்றி ஒரு பத்தி வரைக.