வீடும் ஓடையும்: நாம் விட வேண்டிய வழி

பெற்றோருக்குக் கடமை, குருவுக்குக் கடமை என்று நம் வகுப்புகளில் நிறையப் பேசியிருக்கோம். ஓர் எறும்புத்தின்னிக்கு நாம் செய்யவேண்டிய கடமை ஏதாவது இருக்கா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

ஐந்தாவது வேள்வி

இல்லறத்தார் நாள்தோறும் செய்யவேண்டிய ஐந்து வேள்விகளைத் தர்ம சாத்திரங்கள் சொல்கின்றன. அவை தேவர், ரிஷிகள், முன்னோர், சக மனிதர், பிற உயிர்கள் ஆகியோருக்கு உரியவை. கடைசியாகச் சொன்னதுதான் பூத யக்ஞம். பாட்டி அரிசிமாவில் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீங்க. அது எறும்புக்கும் உணவாகும்.

இந்த வேள்விகளுக்குச் சாத்திரம் சொல்லும் காரணத்தைக் கவனிங்க. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம் ஆகிய ஐந்தாலும் நமக்குத் தெரியாமலே சிற்றுயிர்கள் சாகின்றன. அதற்கு ஈடாகத்தான் ஐந்து வேள்விகள். வீடு என்று ஒன்று இருந்தால் பிற உயிருக்கு இழப்பு உண்டு என்பதை நம் முன்னோர் மறைக்கவில்லை. ‘வீடே கட்டாதே’ என்றும் அவர்கள் சொல்லவில்லை. கட்டு, ஆனால் பட்ட கடனை அடை என்றார்கள்.

துண்டான காடு

அடுப்புக்கும் அம்மிக்கும் சொன்னது அடுக்குமாடிக்கும் விரைவுச்சாலைக்கும் பொருந்தாதா? 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்தபோது, புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியும் மத்திய நீர்ப்பிடிப்புக் காடும் தனித்தனியாயின. துண்டான காட்டில் விலங்குக்கு இரை குறையும், துணை கிடைக்காது. சாலையைக் கடந்தால் வண்டியில் அடிபடும்.

2013இல் அந்தச் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீள இயற்கைப் பாலம் கட்டி, மரங்கள் நட்டார்கள். அருகிவரும் எறும்புத்தின்னியும் அதைப் பயன்படுத்துவது பதிவாகியிருக்கிறது. அறுந்த வழியை மறுபடி இணைக்க முடியும். ஆனால் முதலிலேயே அறுக்காமல் இருப்பது இன்னும் சுலபம். தெங்காவில் சுமார் 42,000 வீடுகளுக்குத் திட்டமிட்டபோதே, சுமார் 100 மீட்டர் அகலம், 5 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு காட்டுப் பாதைக்கும் இடம் ஒதுக்கினார்கள்.

ஓடையும் ஒரு பாதை

நகரத்தில் பல உயிர்களுக்கு மிஞ்சியிருக்கும் பாதை ஓடைக்கரைதான். கரையோர மரம் நிழல் தரும், வேர் மண்ணைப் பிடிக்கும், தண்ணீரில் மீன் தங்கும். அதையே சிமெண்டுக் கால்வாயாக மாற்றினால் மழைநீர் வேகமாக ஓடிவிடும், உயிர் தங்காது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயை 2012இல் மறுபடி வளைந்தோடும் ஆறாக்கினார்கள். பிறகு நீர்நாய்க் குடும்பமே அங்கே குடிவந்ததை நாம எல்லாருமே பார்த்தோம்.

டோவர் காடு

சுமார் 33 ஹெக்டர் கொண்ட டோவர் காட்டில் வீடு கட்டும் திட்டம் வந்தபோது, பலர் தங்கள் கருத்தைச் சொன்னார்கள். 2021இல் முடிவு வந்தது. கிழக்குப் பாதியில் வீவக வீடுகள் கட்டப்படும். உயிர்வகைகள் அதிகமுள்ள மேற்குப் பாதி இப்போதைக்குக் காடாகவே இருக்கும், அதில் ஒரு பகுதி இயற்கைப் பூங்காவாகும்.

ஆனால் ‘இப்போதைக்கு’ என்ற சொல்லைக் கவனிங்க. மேற்குப் பாதி இன்னும் குடியிருப்பு நிலமாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது. சுமார் பத்தாண்டு கழித்து மறுபடி ஆராய்வோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பம் போட்டுட்டுக் காத்திருக்கப் போவது யாரு? இன்று இந்தப் பக்கத்தைப் படிக்கிற நாம்தான். ‘அரசாங்கம் பார்த்துக்கும்’ என்று ஒதுங்க முடியாது. வீடு கேட்கும் குரலும் நம்முடையது, ஓடைக்காகப் பேசவேண்டிய குரலும் நம்முடையது.

நம்மால் முடிந்தது

பூத யக்ஞம் என்று நினைத்துக் குரங்குக்குப் பழமும் ரொட்டியும் போடாதீங்க. சிங்கப்பூரில் காட்டு விலங்குக்கு உணவளிப்பது குற்றம், அந்த விலங்குக்கும் கெடுதல். இன்று அதுங்களுக்கு நாம் தரக்கூடிய படையல் சோறு அல்ல, வழி. பூசைப் பூவையும் மாலையையும் கால்வாயில் விடாதீங்க. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படும் பெருந்திட்டத்தின் வரைவு வரும்போது உங்க வட்டாரத்தைத் தேடிப் பாருங்க. எந்த ஓடை, எந்த மரக்கூட்டம் எதை இணைக்குது என்று குறிப்பிட்டுக் கருத்து எழுதுங்க. ‘கட்டாதே’ என்பதைவிட, ‘இந்தக் கரையை விட்டுக் கட்டுங்க’ என்பது பலன் தரும்.

கலந்துரையாட

1. உங்க வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் கால்வாய் எந்த ஆற்றில் சேருது? நடந்து போய்ப் பார்த்து வாங்க.
2. உங்க வீடு இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது? தாத்தா பாட்டியிடம் கேளுங்க.
3. ஓடைக்கரையை விட்டுக் கட்டுவதால் உங்க வீடு கிடைக்க ஓராண்டு தாமதமானால் ஒப்புக்கொள்வீங்களா? நேர்மையாகப் பதில் சொல்லுங்க.